காயத்தோடு ஏறியவர்: நாமக்கல்லிலிருந்து வேலூருக்குக் கரி பஸ்ஸில்

இந்த வருஷம், உயிர்த்தெழுந்த ஆண்டவர் பரலோகம் ஏறிய பரமேறுதல் திருநாளுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு பரமத்தி வேலூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போய் வந்தேன். தை மாதம் அப்பாவை அங்கேதான் அடக்கம் செய்தோம். அவர் பண்ணையாள். மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்து, வடக்கயிறு அறுத்த தழும்பு இரண்டு உள்ளங்கையிலும் உண்டு. அதன் பிறகு அம்மா என்னோடு சேலத்தில் இருக்கிறாள். நான் ஒரு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வந்த நாளிலிருந்து அம்மா ஜெபத்துக்குக்கூட வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு நாள், "அந்தக் கையோடயே மண்ணுக்குப் போயிட்டாரே சாமி, அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். திருநாளுக்கு ஊருக்குப் போகலாமா என்றேன்; தலையாட்டினாள்.

போக நினைக்கிறவர்களுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். பரமேறுதல் எப்போதும் வியாழக்கிழமைதான் வரும், லீவுக்கு முன்பே சொல்லி வையுங்கள். சேலத்திலிருந்து நாமக்கல் முப்பத்திரண்டு மைல், பத்தணா. அங்கிருந்து வேலூர் பதின்மூன்று மைல், நாலணா. யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடையாது. முதுகில் அடுப்பு மாட்டி, கரிப்புகையில் ஓடும் கரி பஸ்தான். வெள்ளை வேட்டி கட்டிப் போய் ஏமாறாதீர்கள்.

முந்தின நாளே நாமக்கல் வந்து தங்கிவிட்டு, காலை ஆறரை பஸ்ஸுக்குப் போனோம். கண்டக்டர் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். காசைப் பலகைமேல் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு, பின்னால் கூடைகள் கிடந்த தரையைக் காட்டினார். எங்கள் சாதிக்கு அந்தத் தடத்தில் அதுதான் இடமாம். டிக்கெட் மட்டும் முழு டிக்கெட். அம்மா கூடைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பரமத்திக்கு முன்னால் ஒரு மேடு. பாதியிலேயே பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. சீட்டில் இருந்த ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள், அசையவில்லை. கண்டக்டர் எங்கள் பக்கம் திரும்பி, "எறங்குங்க ரண்டு பேரும், வந்து தள்ளுங்க" என்றார். இறங்கினோம். முன்சீட்டில் வந்த வெற்றிலைத் தோட்டக்காரர் தோளும் அம்மா தோளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் தள்ளின. அப்போது யாரும் தெருவை விசாரிக்கவில்லை!

மேட்டு உச்சியில் என்ஜின் உறும ஆரம்பித்தது. எல்லாருக்கும் முன்னால் அம்மா ஏறினாள். நேரே போய் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏய், எந்திரி! உன்ற எடம் கீழ" என்று கத்தினார் கண்டக்டர்.

"ஏனுங்க, தள்றதுக்கு எங்க கை வேணும், உக்கார்றதுக்கு மட்டும் நாங்க ஆகாதுங்களா?"

"இவ பக்கத்துல நாங்க உக்காரோணுமாக்கும்?" என்றார் தோட்டக்காரர்.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க சாமி தச்சு வேலை செஞ்ச ஆளுங்க. சிலுவையில ஆணி எறங்குன கையோடயே மேல ஏறிப் போனாருங்க. காயத்த ஆத்திட்டு வான்னு அங்க யாரும் சொல்லல. இன்னிக்கும் அந்தக் கையோடதான் சிம்மாசனத்துல உக்காந்திருக்காரு. அவரு அங்க உக்காந்திருக்கறப்ப நான் எதுக்குங்க தரையில உக்காரோணும்?"

நாலு மாதமாக நான் தேடிய பதில் இது. கேள்வி கேட்டவளே, உள்ளங்கையெல்லாம் கரியோடு, பஸ்ஸுக்குள் சொல்லிவிட்டாள்.

சண்டையை முடித்து வைத்தவர் டிரைவர். "சட்டுனு ஏறுங்க. நெருப்பு அடங்கிருச்சுன்னா மறுக்கா எல்லாருந்தான் தள்ளோணும்" என்றார். மறுபடி தள்ள ஒருவருக்கும் தெம்பில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். தோட்டக்காரர் வேலூர்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். அது அவர் இஷ்டம்.

ஆராதனை பத்து மணிக்கு. கோயில் சிறிய ஓட்டுக் கட்டடம்தான். உபதேசியார் சுருக்கமாகப் பேசினார், அது அவருக்கு அபூர்வம். அம்மா பாட்டுகளை உரக்கப் பாடினாள். பிறகு அப்பா கல்லறையில் கை வைத்து, "உங்க கையையும் அவரு மறக்க மாட்டாருங்க" என்றாள். அழவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பஸ் கதையை எல்லாருக்கும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஆறு பேருக்கு அன்று மாலை நாமக்கல் போகிற வேலை இருந்தது.

நாலு மணிக்கு அதே பஸ், அதே கண்டக்டர். காலையில் நடந்தது வேலூர் முழுக்கப் பரவியிருந்தது. "தரையில உக்காந்தா டிக்கெட்டு. இல்லாட்டி நடந்து போ" என்றார் அவர்.

"உக்காந்துதான் வருவேனுங்க. வேணும்னா போலீஸக் கூப்புடுங்க. அவரும் உக்காந்துதான வருவாரு?" என்று சொல்லி அம்மா ஏறி உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த நாலு பேர் துண்டை உதறிக்கொண்டு இறங்கினார்கள். இன்னும் சிலர் கூட இறங்கினார்கள். டிரைவர் ஹாரனை அடித்தார். பாதி பஸ் காலி. எங்களுக்கும் டிக்கெட் விற்காமல் காலி வண்டியை ஓட்டினால் முதலாளிக்குக் கண்டக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்தார். இந்தத் தடவை காசைக் கையிலேயே வாங்கினார்.

எங்கள் ஊர்க்காரர்கள் ஆறு பேரும் கதவருகில் தயங்கி நின்றார்கள். அம்மா திரும்பிக் கூப்பிட்டாள்: "காலியாத்தான் கெடக்குது. ஏறி உக்காருங்க."

நீங்களும் போகிறதானால் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், மே மாத வெயில் கொளுத்தும். காலைப் பஸ்ஸையே பிடியுங்கள். நம் ஆண்டவர் ஏறிப் போனது நம்மை விட்டு ஓடுவதற்கல்ல. உழைத்துக் காய்ந்த நம் உடம்புக்கு மேலே ஓர் இடம் உண்டு என்று காட்டத்தான். அதை ஆராதனையில் பாடினால் மட்டும் போதாது. டிக்கெட் வாங்கினால் உட்காருங்கள். யாராவது கோபித்துக்கொண்டு இறங்கினால் இறங்கட்டும். அவர்கள் நடந்து வரட்டும். நாம் உட்கார்ந்து போவோம்.