வாழையடி மண்

ஆஸ்பத்திரியில் இருந்த பெரியப்பாவை, மூக்கிலிருந்த குழாயை எடுத்துவிட்டு எங்கள் நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துவந்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குணமாகாத ஆளை யாராவது வீட்டுக்குக் கொண்டுவருவார்களா? எல்லோரும் அவர் எதிரே சிரித்தார்கள், சமையலறையில் குசுகுசுத்தார்கள். எட்டு வயதுப் பெண்ணான நான் உள்ளே நுழைந்தால் பேச்சு தக்காளி விலைக்குத் தாவிவிடும்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி கேரளாவிலிருந்து வந்தவர், நர்ஸ். அவர் அப்பாவிடம் கேட்டார்: "அவர்கிட்ட சொல்லியாச்சா? எங்க வீட்டிலெல்லாம் சொல்லிடுவோம். ஃபாதர் வந்து எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுவார். பேச வேண்டியதைப் பேசிட்டு நிம்மதியா போகலாமே."

"எங்கள்ல அப்படிச் சொல்ற வழக்கம் இல்லீங்க. சொன்னா அன்னிக்கே உசுரு போயிடும்" என்றார் அப்பா.

சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த அத்தை என் சந்தேகத்தை உறுதியாக்கினார். பெரியப்பாவுக்குக் கஞ்சியும் இறங்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. "அண்ணன் நெலத்து மேல ஆசைய வச்சிகினு கெடக்குது. அந்த மண்ண எடுத்தாந்து கரைச்சு ஊத்து, நல்லபடியா போயிடும்" என்றார். போவதென்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். அத்தையின் கையை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

அப்பா பைக்கில் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கமாகத் திருடன்போல வந்து, எங்கள் வாழை மரத்தடியில் மண் அள்ளுவதை ஜன்னல் வழியே பார்த்தேன். "நம்ம நெலத்து மண்ணுதான்க்கா" என்று அத்தையிடம் கொடுத்தார்.

அத்தை மண்ணைக் கரைத்து வைத்துவிட்டு ஸ்பூன் எடுக்கப் போன நேரம், பெரியப்பாவின் காதில் சொன்னேன்: "குடிக்காதீங்க பெரியப்பா. மண்ணக் கலந்து வச்சிருக்காங்க. நம்ம நெலத்து மண்ணுன்னு சொல்றது பொய். வாழமரத்தடியில எடுத்தாங்க."

அவர் கண்ணைத் திறந்தார். "நம்ம நெலம் சுரங்கத்துக்குள்ள போயி எத்தினி வருசம் ஆவுது! உங்கப்பன் எங்க போயித் தேடுவான், பாவம். நீ பார்த்தத யாருகிட்டயும் சொல்லாத."

அத்தை ஊற்ற, அவர் வாய் திறந்து வாங்கிக்கொண்டார். அப்பாவைப் பார்த்து, "நம்ம மண்ணுதான்டா" என்றார். அப்பா முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் மதியம் பெரியப்பா இறந்துபோனார். நல்ல சாவு என்றார் அத்தை. ஒரு ஜெபம்கூட இல்லாமலா என்று ஆன்ட்டி வருத்தப்பட்டார். எனக்கோ பெரியப்பா மீதே கோபம், அவ்வளவு சொல்லியும் குடித்துவிட்டாரே என்று. எல்லோரும் அவரிடம் மறைக்கிறார்கள் என்று கண்டுபிடித்த எனக்கு, அவரும் அவர்களிடம் மறைத்தார் என்பது அப்போது தெரியவில்லை.