சொத்தையில்லாத கத்தரிக்காய்

காலை ஐந்து நாற்பது. சமையலறை ஜன்னலில் முதலில் தெரிந்தது டெம்போவின் பின்விளக்கு. ஆறு மூட்டை கத்தரிக்காயோடு அது தோட்டத்து வண்டித்தடத்தில் குலுங்கிப் போய், மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறி டவுன் பக்கம் திரும்பியது. முன்சீட்டில் மாமா, அதாவது அக்காவின் கணவர், உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். பத்திரிகை ஆபீசில் இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டு, துடியலூருக்கு வடக்கே இருந்த அக்காவின் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டும் ஐந்தாம் மாதத்தில் கலைந்தன. இந்தத் தடவை ஏழு வந்துவிட்டது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தொட்டில் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. சந்தைக்குப் போகும் பாத்திகளுக்குப் பூச்சிமருந்து அடிப்பார்கள். கிணற்றோரம் ஒரு பாத்தியை மட்டும் அடிக்காமல் விடுவார்கள். அது வீட்டுப் பாத்தி. அதில் காய்ப்பது சிறுத்து, ஓட்டையும் தழும்புமாக இருக்கும். நறுக்கினால் பாதிக்குப் பாதி புழு. வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைப்பார்கள். யாரும் குறை சொன்னதில்லை.

ஆறரைக்கு வேலைக்காரப் பெண் கூடையோடு பின்வாசலில் வந்து நின்றாள். வால்பாறையில் தேயிலை பறித்துக்கொண்டிருந்தவள். எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் புருஷனோடு மலையிறங்கி, இந்தத் தோட்டத்துக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஏனுங்க அம்மணி, காய் கொண்டாந்திருக்கேனுங்க. நீங்க கேட்டதாட்ட நல்ல பிஞ்சுங்க."

கத்தரிக்காய்ப் பொரியல் வேண்டும் என்று அக்கா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூடையை எட்டிப் பார்த்தவள் சிரித்தாள். "இத்தனை நாளு இந்தக் காயெல்லாம் எங்க போயிருந்துச்சு?"

நான்தான் நறுக்கினேன். இருபத்து மூன்று காய். ஊதா நிறம், கண்ணாடி போன்ற தோல். ஒன்றில்கூட ஓட்டை இல்லை. எண்ணியது நினைவிருக்கிறது. கேட்காமல் விட்டதும் நினைவிருக்கிறது. உப்புத் தண்ணீரில் போட்டபோது மேலே மெல்லிய ஏடு ஒன்று படர்ந்தது. மண்ணெண்ணெயை ஒத்த ஒரு வாசம். அதற்குள் அக்கா வாணலியில் கொத்தமல்லி விதை, கடலைப்பருப்பு, வரமிளகாய், நாலு மிளகு என்று வறுக்கத் தொடங்கிவிட்டாள். அந்த நெடியில் வேறு எதுவும் தெரியவில்லை.

வறுத்ததைக் கொரகொரப்பாகப் பொடித்தாள். கடலெண்ணெயில் கடுகு வெடித்தது. சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கியதும் காயைக் கொட்டி, மஞ்சள் தூவி மூடினாள். வெந்ததும் பொடியைப் போட்டுக் கிளறினாள். உப்புப் பார்க்க உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துத் தின்றாள். பிறகு பொறுக்க மாட்டாமல் ஒரு தட்டில் சோறு போட்டு, அதன்மேல் ஒரு கரண்டி பொரியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு வேண்டாமா, கண்ணு?"

"பல்லு விளக்கிட்டு வாரேன்," என்றேன்.

மாமா எட்டேகாலுக்குத் திரும்பினார். மூட்டை எல்லாம் இறக்கியதுமே விற்றுப் போய்விட்டதாகச் சொல்லிக்கொண்டு கை கழுவினார். வாணலியைத் திறந்து பார்த்தார். மூடி கையிலேயே இருந்தது.

"சொத்தையே இல்லையா?"

"ஏனுங்க, உங்க தோட்டத்துக்கு இன்னைக்குத்தான் புத்தி வந்திருக்குதுங்க," என்றாள் அக்கா. தட்டில் கடைசிக் கவளம் இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. பின்வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். வேலைக்காரப் பெண் ஓடி வந்தாள்.

"காய் எந்தப் பாத்தியில பறிச்சே?"

"மூணாவது பாத்தியிலிங்க. கிணத்தோரம் பூராம் சொத்தைங்க. மாசமா இருக்கறவங்களுக்கு அதைக் குடுக்க மனசு வருங்களா? நல்லதாப் பாத்துப் பறிச்சேனுங்க."

"கிணத்தோரம்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க. எதுக்குன்னு சொல்லலீங்களே."

அவளிடம் யாரும் காரணம் சொல்லியிருக்கவில்லை. சொல்வதென்றால் மற்ற பாத்திகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். முந்தின நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் மாமா கிணற்றோரம் தவிர மற்ற எல்லாப் பாத்திக்கும் மருந்து அடித்து முடித்திருந்தார்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். "மருந்தடிச்சா எத்தனை நாளு விடோணும்?" என்று கேட்டாள்.

"பத்து," என்றார்.

மொபெட்டில் அவளை உட்கார வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு துடியலூர் டாக்டரம்மாவிடம் போனார். பின்னாலேயே நான் சைக்கிளில் மருந்து டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். டப்பாவில் மண்டையோட்டுப் படம் இருந்தது. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, வயிற்றில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"துடிப்பு இருக்குது. சாப்பிட்டது கொஞ்சம்தான். வாந்தி, தலைசுத்தல், கண்ணு மங்கறது, எது வந்தாலும் உடனே கூட்டிட்டு வாங்க. குழந்தை அசையறதை எண்ணிட்டே இருங்க. இப்ப வேற எதுவும் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் அக்கா சுவரில் சாய்ந்து, வயிற்றில் கை வைத்து உட்கார்ந்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் குறிப்பேட்டில் மணி எழுதினேன். பத்து ஐம்பது. பதினொன்று இருபது. பதினொன்று நாற்பத்தைந்து. பன்னிரண்டு பத்து. அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை. ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. வெயில் ஜன்னலைக் கடந்து அம்மிக்கல்மேல் வந்தது. "தூங்குது போல," என்றாள் ஒரு தடவை. மாமா மொபெட்டை வாசலில் திருப்பி நிறுத்தி, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்று இருபத்தைந்துக்கு அக்கா என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை. பிறகு இன்னொன்று. நான் மணியை எழுதினேன். மாமா வெளியே போய்விட்டார். மாசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

அந்தக் கார்த்திகை நாள் சாயங்காலமே மாமா தென்னைக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார். வாணலியில் மிச்சமிருந்த பொரியலையும் நான் நறுக்கிப் போட்ட காம்புகளையும் அதில் கொட்டினார். நாயும் கோழியும் கிளறக்கூடாது என்று மண்ணைத் தள்ளி, மேலே ஒரு கல்லை வைத்தார். வேலைக்காரப் பெண் கூடையை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, காலையில வண்டியில போன காயி எந்தப் பாத்திங்க?" என்று கேட்டாள்.

மாமா மண்வெட்டியைத் தொட்டித் தண்ணீரில் கழுவினார்.

அது ஒன்றாவது பாத்தியும் இரண்டாவது பாத்தியும்.