கலங்கரை விளக்கத்துக்கு அளவுத் துணி

1. காலையில் வந்த ஃபோன்

கடையைத் திறந்து மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது அன்வர் ஃபோன் செய்தார்.

"அக்கா, அந்தத் திரைய என்னா பண்ணீங்க?"

"பிரிச்சிட்டேன் தம்பி. துண்டு துண்டா இருக்கு."

அவருக்கு மூச்சு வாங்கியது. "அப்ப என் வேல போச்சுக்கா," என்றார்.

நான் திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளி யூனிபார்ம் தைப்பேன். பத்தாவது வரை படிப்பு. இயல்பாகவே அதிகம் பேச வராது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் பேசும் முதல் பேச்சே, "அளவுக்கு என்னா கொண்டாந்தீங்க?" என்பதுதான். உடம்பில் டேப் வைத்து எடுப்பதைவிட, சரியாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றை வாங்கி வைத்துத் தைப்பது எனக்குச் சுலபம். அந்தப் பழக்கம் ஒரு நாள் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத் தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக எழுதுகிறேன்.

2. மேலே ஏறிய நாள்

அன்வர் என் வாடிக்கைக்காரப் பெண்மணி ஒருவரின் தம்பி. வளைகுடாவில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில் உள்ள ஒரு பழைய கலங்கரை விளக்கத்தில் உதவியாளராகத் தற்காலிக வேலை கிடைத்து, சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அங்கே பொறுப்பில் இருந்த ஹெட் ஒரு பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தார். "மேல திரை கிழிஞ்சி போச்சு. டெய்லரக் கூப்பிட்டு அளவு எடுத்து வை. வரும்போது துணி வாங்கிக்கினு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அதற்காக நான் போனேன். சுற்றிச் சுற்றிப் போகும் படியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். உச்சியில் கண்ணாடி அறை. நடுவில் என்னைவிட உயரமாக ஒரு லென்ஸ். வளையத்துக்குள் வளையமாகக் கண்ணாடிப் பட்டைகளை அடுக்கியதுபோல் இருந்தது. அந்தக் காலத்தில் கப்பலில் வந்ததாம். அதற்குள் லேம்ப்; ராத்திரியில் லென்ஸை மோட்டார் சுற்றுமாம். அறையைச் சுற்றிலும் கண்ணாடிச் சுவர். அதன் உட்புறம் கம்பியில் திரைகள் தொங்கின.

டேப்பை எடுத்தேன். சுவர் பல மூலையாகத் திரும்பியது. கீழே பார்த்தால் தென்னை மரங்களின் தலை தெரிந்தது. எனக்குக் கிறுகிறுத்தது. முடியவில்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. வழக்கமானதைச் சொல்லிவிட்டேன்.

"பழைய திரையவே குடுங்க தம்பி. அளவுக்கு வச்சிக்கிறேன்."

"எல்லாத்தையுமாக்கா?"

"ஒவ்வொண்ணும் ஒரு அகலமா இருக்குது. எல்லாம் வேணும். இது தூசிக்குத்தான போட்டிருக்கீங்க?"

"தூசிக்குத்தான் போலக்கா. காலையில இஸ்து மூடச் சொன்னாரு, சாயந்திரம் தொறக்கச் சொன்னாரு. அவ்ளோதான் தெரியும்."

ஒரு வாரமாக வானம் மூடிக்கொண்டிருந்தது. அன்றும் தூறல். திரைகளைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரவே ஓரத் தையலையெல்லாம் பிரித்து வைத்தேன். மறுநாள் காலை வெயில் அடித்தது. அப்போதுதான் அந்த ஃபோன் வந்தது.

3. அன்வர் சொன்னது

"மேல வந்து பாத்தா பிளாஸ்டிக் பொசுங்கற வாடை. ஹெட்டு சென்னையில இருந்து வந்துக்கினு இருக்காரு, ஃபோன் பண்ணேன். திரை எங்கன்னாரு. சொன்னேன். வாயில வர்றதெல்லாம் திட்டிட்டாரு. ராத்திரியில இந்த லென்ஸு உள்ள இருக்கற வெளிச்சத்த வெளிய தள்ளுமாம். பகல்ல வெளிய இருக்கற வெயில உள்ள இஸ்துக்குமாம். நேரா லேம்ப் மேல வுழுதுக்கா. ஒயர் உருகிச்சு."

"மோட்டார் போட்டு சுத்த வுட வேண்டியதுதான?"

"ஒயர் உருகனதால மெயின ஆஃப் பண்ணச் சொல்லிட்டாரு. கையால சுத்திக்கினே இரு, வெயில் ஒரே எடத்துல நிக்கக் கூடாதுன்றாரு. ஒரு கையில ஃபோன், ஒரு கையில லென்ஸு. என் லுங்கிய ஒரு பக்கம் மாட்டியிருக்கேன். அது எந்த மூலைக்கு? அக்கம்பக்கம் ஆளும் இல்ல. வுட்டுட்டு எறங்கவும் முடியல."

லேம்ப் போய்விட்டால் அன்று இரவு விளக்கு எரியாது. லென்ஸ் விரிசல் விட்டால் அதற்கு மாற்றே கிடையாதாம். இரண்டில் எது நடந்தாலும் அன்வர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பிரித்த திரைகளைப் பார்த்தேன். நைந்த துணி, பிரித்ததில் நூல் நூலாகப் போயிருந்தது. அதை மறுபடி தைக்க அரை நாளாவது ஆகும். அலமாரியில் ஒரு பள்ளிக்கூடத்து யூனிபார்ம் துணி மட்டும் முழுசாக இருந்தது. பச்சைக் கட்டம் போட்டது. இன்னும் வெட்டவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு, இருந்த சேஃப்டி பின் அத்தனையையும் டப்பாவோடு எடுத்துக்கொண்டு, கடையைப் பூட்டினேன்.

4. பச்சைக் கட்டம்

பஸ்ஸில் கண்டக்டர், "என்னாம்மா, ஜவுளிக் கடையவே தூக்கிக்கினு வர," என்றார். டிக்கெட்டுக்குக் காசை மட்டும் நீட்டினேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோவில் ஏறியதும்தான், "ஜல்தியா போப்பா," என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

படியில் ஏறும்போது கிறுகிறுப்பெல்லாம் நினைவுக்கு வரவில்லை.

மேலே அன்வர் பனியனோடு லென்ஸைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். செக்கு மாடு நடப்பதுபோல் ஒரே நடை. கை தளரும்போது தோளைக் கொடுத்துத் தள்ளினார். என்னைப் பார்த்ததும் நிற்கவில்லை.

"கடல் பக்கம் மொதல்ல மறைங்கக்கா. வெயில் அங்கதான்."

கம்பியில் வளையங்கள் அப்படியே இருந்தன. துணியை இரண்டாக மடித்து, மேல் ஓரத்தை வளையங்களில் சேஃப்டி பின் குத்தி மாட்டிக்கொண்டே போனேன். விரலில் இரண்டு மூன்று இடத்தில் குத்தியது. கடல் பக்கம் முடிந்ததும் லென்ஸில் ஓடிக்கொண்டிருந்த வெள்ளை வெளிச்சம் அணைந்தது. அறை பச்சையானது. அதன் பிறகுதான் அன்வர் கையை எடுத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போதுமாக்கா?"

"வெயில் சுத்தி வரும் தம்பி. அந்தப் பக்கமும் மாட்டிடறேன். நீங்க தண்ணி குடிங்க."

5. சாயந்திரம்

மதியத்துக்கு மேல் ஹெட் வந்தார். பையைக்கூட இறக்கி வைக்காமல் லென்ஸை ஒவ்வொரு பட்டையாகத் தடவிப் பார்த்தார். லேம்ப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். நாங்கள் இருவரும் சுவர் ஓரமாக நின்றோம்.

"லென்சு நல்லா இருக்கு," என்றார். "லேம்ப்பும் தப்பிச்சிது. ஒயர்தான் போயிருக்கு, மாத்திடலாம்."

அன்வர் மெதுவாகக் கேட்டார். "நான் நாளைக்கு வரணுமா சார்?"

"வராம? திரையக் கழட்டிக் குடுத்தது தப்பு. ஆனா எதுக்குத் திரைன்னு நான் உன்கிட்ட சொல்லல, அதுவும் தப்பு. காலையில இருந்து நீ சுத்தலன்னா இந்நேரம் இங்க ஒண்ணும் இருக்காது. ஸ்க்ரூ டிரைவர் எடுத்தா."

எனக்கு அப்போதுதான் பசி தெரிந்தது.

ஒயரை மாற்றி முடித்து, இருட்டும்வரை அவர் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கலங்கரை விளக்கம் என்றால் கரை இருக்கிறது என்று காட்டும் பெரிய விளக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு விதமாக மின்னும். எத்தனை தடவை மின்னுகிறது, நடுவில் எவ்வளவு நேரம் இருட்டு என்று கப்பல்காரர் எண்ணுவார். அதை வைத்து இது இந்த ஊர் விளக்கு, நாம் இந்த இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார்.

"இப்பதான் எல்லாத்துலயும் ஜிபிஎஸ் இருக்குதே சார்," என்றார் அன்வர்.

"இருக்கு. அது சரியா சொல்லுதான்னு பாக்கறதுக்கு இது. மீன் புடிக்கப் போறவங்க போட்டுல பேட்டரி போச்சுன்னா இது மட்டும்தான்."

பச்சைத் துணியை ஓரமாக ஒதுக்கினேன். ஹெட், "நீயே போடு," என்று அன்வரிடம் ஸ்விட்சைக் காட்டினார். லேம்ப் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. லென்ஸ் தானாகத் திரும்பத் தொடங்கியது. அன்வர் இரண்டு தோளையும் பிடித்துவிட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே, காலையில் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரரே திரும்ப வந்து காத்திருந்தார். "மத்தியானம் ரோட்டுல இருந்து பாத்தேன். லைட்டவுசுக்கு யூனிபார்ம் மாட்டியிருந்தீங்களே, எந்த இஸ்கூலுக்கா?"

"இன்னும் சேக்கல. அளவு சரியா இருக்கான்னு பாத்தேன்," என்றேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

6. கற்றுக்கொண்டது

ஹெட் வாங்கி வந்த துணியில் திரையை இரண்டு செட்டாகத் தைத்துக் கொடுத்தேன். ஒன்று துவைக்கப் போனாலும் ஒன்று தொங்கும். யூனிபார்ம் துணியில் பின் குத்திய ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு, பிள்ளைகளுக்குத் தைத்தேன். எதுவும் குறையவில்லை.

"தூசிக்குத்தான?" என்று நான் கேட்டதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அது கேள்வியே இல்லை. பதிலை நானே சொல்லி, புதிதாக வேலைக்கு வந்த ஒருவரைத் தலையாட்ட வைத்தேன். "இது எதுக்கு?" என்று மட்டும் கேட்டிருந்தால், அவர் ஹெட்டுக்கு ஒரு ஃபோன் போட்டிருப்பார்.

இப்போதும் அளவுத் துணி வாங்குகிறேன். ஆனால் மேஜையில் வைக்கும் முன்பு, "இது இல்லாம ரெண்டு நாள் சமாளிப்பீங்களா?" என்று கேட்கிறேன். போன வாரம் ஒரு பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லக்கா, நாளைக்கு ஒரு கல்யாணம், இதத்தான் போடணும்," என்றாள். டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.