சிவப்புத் துணி கட்டிய கடலைச் செடிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு தை மாதம், மதுரையில் பத்திரிகை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, திருமங்கலத்துக்கு மேற்கே உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவும் அவர் தம்பியும் அப்போதே முகம் பார்ப்பதில்லை.

எங்கள் கரிசல் காட்டை ஒரு வரப்பு பிரித்தது. மேற்கே அப்பா, கிழக்கே சித்தப்பா. இருவரும் கொண்டைக்கடலை போட்டிருந்தார்கள், இருவருக்கும் வேரழுகல். பூக்கிற சமயத்தில் செடி வைக்கோல் நிறமாகிவிடும். இழுத்தால் கறுத்த ஆணிவேர் பாதியில் ஒடிந்து வரும்.

நோய் மோசமாக விழுந்த மூலையிலேயே அப்பா திரும்பத் திரும்பக் கடலை விதைத்தார். அங்கே சாகாமல் நிற்கிற செடியிலிருந்து விதை எடுங்கள் என்று விவசாய இலாகா அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். பச்சையாக நின்ற செடிகளுக்கு அடையாளமாக, அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினார் அப்பா. கடைசி வரிசைக்குத் துணி போதவில்லை.

சித்தப்பா வரப்பில் நின்று கத்தினார்.

"ஏண்ணே, செய்வினையா வச்சிருக்க? துணி கட்டுன செடியெல்லாம் நிக்கிது, என் காடு அம்புட்டும் சாகுது!"

"நிக்கிற செடிக்குத்தான்டா கட்டுனேன். வெதைக்கு."

"வெதைய களத்துல பொறுக்குவாக. எவன் காட்டுல பொறுக்குனான்?"

"ஒனக்குச் சொன்னா வெளங்காது. போடா."

மறுநாள் காலையில் துணி கட்டிய செடி ஒன்றுகூட மண்ணில் இல்லை. பிடுங்கி, துணியோடு வரப்பில் குவித்திருந்தது. காய்கள் இன்னும் பால் பிடித்த நிலையில் இருந்தன, விதைக்கு உதவாது. அப்பா ஒரு செடியைத் திருப்பிப் பார்த்தார். வேர் வெள்ளையாக, முழுதாக இருந்தது. துணி இல்லாததால் தப்பிய கடைசி வரிசைக்கு மாசி அறுப்பு வரை அவரே காவல் இருந்தார்.

அந்த விதையை அடுத்த பருவத்தில் அதே மூலையில் போட்டார். கொஞ்சம் செத்தது, பெரும்பாலும் நின்றது. அதற்கடுத்த ஐப்பசியில் சித்தப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"அண்ணே, கொஞ்சம் வெதை வேணும்."

"செய்வினைக் கடலை ஒனக்கு எதுக்குடா?"

"அப்ப நான் என்னத்தப் போட?"

"பிடுங்கத் தெரிஞ்சவனுக்குப் போடத் தெரியாதா?"

விதைக்கடலைக் கோணிச்சாக்கு அவர் கண்ணெதிரே திண்ணையில் நின்றது. அப்பா அதை உள்ளே இழுத்துவைத்துவிட்டு வந்தார்.

அந்த வருஷம் வரப்புக்குக் கிழக்கே சோளம், மேற்கே கடலை. நடுவில் முள் வெட்டிப் போட்டவர் அப்பா.