நாற்பது பவுண்டு தள்ளி நின்ற முள்

வாளையாறிலிருந்து பாலக்காடு வரை அழகுமலையின் கை படாத கார் ஒன்று உண்டென்றால், அது ஓடாத காராகத்தான் இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், கஞ்சிக்கோட்டில் சொந்த ஒர்க்‌ஷாப் போட்டு நிமிர்ந்து நின்றார். 1974இல் அந்த ரோட்டில் கம்ப்ரஷன் கேஜ் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜை வைத்து அழுத்தினால், எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று முள் காட்டிவிடும். அதை வைத்திருந்த பெட்டிக்கு இரண்டு சாவிகள். ஒன்று அவரிடம், மற்றது பதினோரு வருடமாகக் கூட வேலை செய்யும் மைத்துனன் சின்னமுத்துவிடம்.

ஆலை மானேஜர் யக்ஞநாராயணனின் கார் இழுவை இல்லையென்று வந்தது. நூற்றிருபது பவுண்டு காட்ட வேண்டிய முள், நாலு சிலிண்டரிலும் எண்பதிலேயே நின்றது.

"எஞ்சினைப் பிரிச்சு, தேஞ்ச சிலிண்டரைக் கடைஞ்சு போர் போடோணுங்க" என்றார் அழகுமலை. மானேஜர் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்காம் நாள் ஆலை வாட்ச்மேன் வந்தான். "வேற ஆளு பார்த்தாருங்க. கார்புரேட்டர்ல அழுக்கை எடுத்ததும் வண்டி பறக்குதுங்க. இனி ஆலை வண்டி ஒண்ணும் இங்க வராது. உங்களைத் திருடன்னு பேசிக்கறாங்க."

வண்டிகள் போனால் வேறு வண்டி வரும். திருடன் என்ற பேர் போகாது. கேஜை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பஞ்சர் கடைக்கு நடந்தார். கடைக்காரர் மொய்துவின் காற்று டாங்கியில் இருந்த மீட்டர் நூற்றிருபது காட்டியது. குழாய் வாயில் கேஜை அழுத்தினார். எண்பது.

"முள்ளு நோன்பு புடிச்சிருக்குது போல" என்றார் மொய்து.

அழகுமலை கேஜின் முகப்புக் கண்ணாடியைக் கழற்றினார். யாரோ முள்ளைப் பிடுங்கி, நாற்பது தள்ளிக் குத்தியிருந்தார்கள். சும்மா இருக்கையில் அது பூஜ்யத்திலுள்ள தடுப்பு ஆணியில் சாய்ந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. பெட்டியோ பூட்டு உடையாமல் இருந்தது.

மானேஜரிடம் காட்டக் கேஜோடு போனார். ஆலை ஷெட்டில், காய்ச்சல் என்று இரண்டு நாளாக வராத சின்னமுத்து, மானேஜரின் பானட்டுக்குள் குனிந்திருந்தான்.

யக்ஞநாராயணன் கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவனோ திருப்பிட்டான்னே வெச்சுக்கலாம் ஓய். நாலு சிலிண்டரும் ஒரே அளவுக்குத் தேயுமோ? சின்னமுத்துவுக்குத் தோணித்தே, உமக்குத் தோணலியா?"

அந்தக் கேள்வியை வைத்துத்தான் அழகுமலை இத்தனை வருடமும் மற்ற மெக்கானிக்குகளைக் கிண்டல் செய்துவந்தார். கேஜை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

கேட் வரை சின்னமுத்து பின்னால் வந்தான். "அக்காகிட்டச் சொல்லீராதீங்க மாமா."

"எதுக்குடா செஞ்சே?"

"நான் செஞ்ச வேலைக்கெல்லாம் உங்க பேரைத்தானுங்க சொன்னாங்க."

"நான் சொல்லலை. மத்தியானம் சோத்துக்கு வருவியல்ல, நீயே சொல்லு."

வீட்டில் அழகுமலையின் மனைவி மருதாத்தாள் தம்பிக்கும் சேர்த்துத்தான் சமைத்திருந்தாள். மூன்று மணி வரை இருவரும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். பிறகு அவரே சொல்ல வேண்டியதாயிற்று.