பக்கிரி அடித்த ஹாரன்

மூலக்குளத்தில் பக்கிரியின் தொப்பைதான் முதலில் வரும். அவர் சாவகாசமாகப் பின்னால் வருவார். பாதி ஆயுசைத் தெருத்தெருவாகத் தண்ணீர் லாரி ஓட்டியே கழித்தவர். அவர் ஹாரன் அடித்தால் சுடுகாட்டில் படுத்திருப்பவன்கூடக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான்.

ஓய்வு பெற்ற பிறகு தனியார் லாரியில் வேலை கிடைத்தது. முதல் நாளே சித்திரை ஒன்று. கடற்கரை ஓட்டல் ஒன்றில் தாய்லாந்து தண்ணீர்த் திருவிழா; ஆளுக்கு ஆள் தண்ணீர் பீய்ச்சி விளையாடுவார்களாம். முதலாளி சொல்லித்தான் அனுப்பினார்.

"ஒரு சொட்டு கொறஞ்சாலும் நாளைக்கு வராத பக்கிரி."

வைத்திக்குப்பம் முனையில் திரும்பியதும், பக்கிரியின் கை அவரைக் கேட்காமலே பழைய பழக்கத்தில் பாம் பாம் பாம் என்று அடித்துவிட்டது. குழாயில் தண்ணீர் வராமல் காய்ந்து கிடந்த தெரு, கடல் பொங்கியதுபோலக் குடங்களோடு பாய்ந்தது.

"யம்மா, இது ஓட்டலு தண்ணிம்மா! உடுங்கம்மா!"

கூட்டத்தில் முதல் ஆளாக வந்து டேங்க் குழாயைத் திறந்துகொண்டே அன்னக்கிளி சிரித்தாள். "ஆரன் அடிச்சிக் கூப்ட்டது யாரு, உன் தொப்பையா? கம்முனு இருண்ணா. அவன் வெளையாடக் கேக்கறான், நான் சோறாக்கக் கேக்கறேன்."

கடைசிக் குடமும் நிறைந்த பிறகுதான் பக்கிரி லாரியைக் கிளப்பினார்.

ஓட்டலில் விருந்தாளிகள் பிளாஸ்டிக் துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள். மேனேஜர் கலைவாணன் டேங்கைத் தட்டினார். கோயில் மணி தோற்றது.

"என்னய்யா, காத்த ஏத்திக்கினு வந்தியா? இரு, உன் மொதலாளிக்குப் போன் போடறேன்."

பக்கிரியின் தொப்பை உள்ளே போய் முதுகைத் தொட்டது. நடந்ததை அப்படியே சொன்னார். கூட்டத்திலிருந்த தாய்லாந்து சமையல்காரம்மா மாலி விஷயத்தை ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவர் சொன்னதைக் கலைவாணனே தமிழில் சொன்னார்.

"அவங்க ஊட்டுல பெரியவங்க கையில பூ போட்ட தண்ணிய கொஞ்சமா ஊத்தி ஆசீர்வாதம் வாங்குவாங்களாம். ஓட்டல்லயே இருக்கற ரெண்டு அண்டா தண்ணி போதுமாம். இங்க வயசுல பெரியவரு யாருன்னு கேக்கறாங்க."

எல்லாரும் பக்கிரியைப் பார்த்தார்கள்.

நாற்காலி வந்தது. மல்லிகை மிதந்த தண்ணீரை மாலி அவர் கையில் ஊற்றினார். துப்பாக்கிகளைப் போட்டுவிட்டு விருந்தாளிகள் வரிசையில் நின்றார்கள். "நல்லா இரும்மா, நல்லா இருப்பா" என்று சொல்லிச் சொல்லிப் பக்கிரிக்குத் தொண்டை கட்டியது.

கடைசியாகக் கலைவாணனும் ஒரு கிண்ணம் ஊற்றினார். "மொதலாளி கேட்டா தண்ணி பத்துச்சின்னு சொல்றேன். நாளைக்கும் நீங்களே வாங்கண்ணா. வைத்திக்குப்பம் வழியா மட்டும் வராதீங்க."

அப்போது பக்கிரி விட்ட மூச்சில் ஓட்டல் பந்தல் பாதி பிய்ந்து கடலுக்குப் போய்விட்டது.