அறுபத்தெட்டாம் ஆண்டைக் காணவில்லை

மைக்ரோஃபிலிம் அறையில் வேலை பார்ப்பவனுக்கு முதுகுவலி வராது, கைவலி வராது, வருவதெல்லாம் ஆட்கள்தான்.

உங்களில் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. டோனட் கடையோ, பாங்கோ, பெற்றோல் நிலையமோ, முன்னால் நிற்பவர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது இன்னொன்று. நான் எட்டு வருடம் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் நிலக்கீழ் அறையில் நின்றேன். பழைய பத்திரிகைகளைச் சின்னதாய்ப் படம் பிடித்து, சுருளாகச் சுற்றி, சவர்க்காரக் கட்டி அளவான பெட்டிகளில் அடைத்து வைத்திருப்பார்கள். பெட்டியை எடுத்துக் கொடுப்பது, சுருளை மெஷினில் மாட்டுவது, "ஐயோ, எழுத்து வெள்ளையாயும் தாள் கறுப்பாயும் தெரியுதே" என்று பதறுபவரிடம் "அது அப்பிடித்தான்" என்று சொல்வது. இவ்வளவும்தான் வேலை. நான் ஆங்கிலம் படித்ததே அந்த மெஷினில்தான். அதனால் இன்றும் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தைப் பார்த்தால் ஏதோ குறைவது போலிருக்கும்.

யாரோ ஒரு பேராசிரியர் எப்போதோ ஆராய்ச்சிக்கென்று கொழும்பிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகையின் அறுபத்தெட்டாம் ஆண்டுச் சுருள்களை வரவழைத்திருந்தார். அந்த ஓர் ஆண்டு மட்டும்தான். அவர் போனபின் யாரும் அதைத் தொடவில்லை. தொண்ணூற்றாறில் நான் செய்த பிழை, கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு நின்ற மணியண்ணையிடம் இதைச் சொன்னது. மணியண்ணை ஊருக்கெல்லாம் அண்ணை. எங்கள் சனம் கூடி வாழும் ஸ்காபரோவில் எந்த வைபவத்துக்கும் சமையல் அவருடையது. அவர் சாம்பாரோடு சேர்த்து இந்தச் செய்தியையும் எல்லா இலைக்கும் ஊற்றிவிட்டார். அடுத்த கிழமை ஸ்காபரோ ரயிலேறி வரத் தொடங்கியது.

என்ன புதையல்?

அது லேசான ஆண்டல்ல. அமெரிக்காவில் தலைவர்களைச் சுட்டார்கள். பாரிசில் மாணவர்கள் தெருவில் பதித்த கல்லைக் கிளப்பினார்கள். கனடாவில் புதுப் பிரதமரின் பின்னால் பெண்கள் ஓடினார்கள். எங்கள் நாட்டில் அரிசிக் கூப்பன் ஏற்கெனவே பாதியாகியிருந்தது, அரசாங்கத்தோடு இருந்த தமிழ்க் கட்சி வெளியே வந்தது, மலைநாட்டுப் பல்கலைக்கழகக் கம்பஸில் மாணவர் ஸ்ட்ரைக் நடந்தது. வந்தவர்கள் இவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. ஒருவர் தான் பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் மூன்றாவதாய் வந்த செய்தியைத் தேடினார். இன்னொருவர் பல்பொடி விளம்பரமொன்றை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனார்.

என்னுடைய மேலாளர் மார்கரெட் சின்னக் கல்லூரி ஊரொன்றில் படித்து வந்தவள். ஒரு நாள் அந்தப் பெட்டியைக் காதருகில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். "உள்ளே என்ன, புதையலா?" என்றாள். அது ஒரு கலகமான ஆண்டு என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவள் பெருமூச்சு விட்டாள். "நான் படித்த ஊரில் அந்த வருடம் நடந்த ஒரே புரட்சி, விடுதிக் கஞ்சியை எதிர்த்துத்தான். அதிலும் கஞ்சிதான் வென்றது."

ஞாயிற்றுக்கிழமை பிறந்த பிள்ளை

அறுபது தாண்டிய ஓர் அம்மா வந்தார். மகனுக்கும் மருமகளுக்கும் ஒத்துவரவில்லையாம். சாதகம் பார்க்கும் சாத்திரியார் மகனின் பிறந்த தேதியைச் சரிபார்த்து வரச் சொல்லியிருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் போய்விட்டது. "பத்தாம் மாசம், தம்பி. அண்டைக்கு இவர் வேலைக்குப் போகேல்லை, லீவு. அதால ஞாயிற்றுக்கிழமை. நான் நோவில கத்துறன், இவர் முன்னுக்கிருந்து லொறி வாய்க்காலுக்குள்ள விழுந்த செய்தியைப் பலத்து வாசிக்கிறார். அந்த லொறியை மட்டும் கண்டுபிடிச்சுத் தாரும்."

அந்த மாதத்து ஞாயிறு ஒன்றிலும் லொறி விழவில்லை. பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அந்தச் சில வருடங்கள் எங்கள் நாட்டில் ஞாயிறு வேலை நாள்; போயா என்கிற பௌர்ணமி, அமாவாசை, அட்டமி நாட்களில்தான் விடுமுறை. சுருளைத் திருப்பி ஓட்டினேன். ஒரு திங்கட்கிழமைப் போயாவில் லொறி நாலு சில்லும் மேலே பார்க்கக் கிடந்தது. அம்மா வெகுநேரம் அதையே பார்த்தார். "அப்ப எட்டுப் பொருத்தம் எண்டு பாத்துக் கட்டி வைச்சது ஆற்றை சாதகத்துக்கு?" என்று தனக்குள் கேட்டார். பிறகு கைப்பையை எடுத்து எழும்பினார். "பெட்டியை மூடும், தம்பி. மருமகள் வந்து கேட்டால், லொறி ஞாயிற்றுக்கிழமைதான் விழுந்தது."

கட்டிலுக்குக் கீழே

சிவபாலனைக் கோயிலில் கண்டு பழக்கம். இடது புருவத்துக்கு மேலே தையல் தழும்பு ஒன்று உண்டு. அதன் கதை ஸ்காபரோவில் பாதிப் பேருக்குத் தெரியும். அறுபத்தெட்டில் கம்பஸ் ஸ்ட்ரைக்கில் முன்வரிசையில் நின்றார், பொலிஸ் அடித்தது, விழுந்தார். மாணவிகள் பக்கம் நின்ற இராஜேஸ்வரி அவர் விழுவதைக் கண்டார். அந்த இடத்திலேயே மனதைக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்குக் காரணமே அந்த அடிதான். இப்போது சிவபாலனுக்கு ஐம்பது வயதாகப் போகிறது. ஸ்ட்ரைக் படம் அந்தப் பேப்பரில் வந்திருக்கும், அதைத் தேடிப் பெரிதாக்கிப் பிறந்தநாள் மண்டபத்தில் வைக்க வேண்டுமென்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்களாம்.

"நல்ல விசயம்தானே," என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, நான் அங்க போகவேயில்லை. பொலிஸ் வருதெண்டு ஆரோ கத்தினவன், நான் ஹொஸ்டலில கட்டிலுக்குக் கீழ போயிட்டன். முடிஞ்சுதாக்கும் எண்டு வெளியில வரேக்க கட்டில் சட்டம் நெத்தியில அடிச்சுது. கட்டுப் போட்டுக்கொண்டு வெளியில வந்தால் தோளில தூக்கிறாங்கள். ஒருத்தரும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

"அப்ப உங்கடை மனிசி பாத்தது?"

அந்தக் கேள்விதான் இருபத்தெட்டு வருடமாக அவர் தொண்டையில் நின்ற முள். "அதுதான் அண்ணை! விழுந்ததைக் கண்ணால கண்டனான் எண்டு அவ சத்தியம் பண்ணுறா. நான் விழேல்லை. அப்ப அவ மனசைக் குடுத்தது ஆருக்கு? அவன் அந்தப் படத்தில கிடப்பான். அவ பாத்தால் கண்டுபிடிச்சிடுவா. பெட்டியைக் காணேல்லை எண்டு சொல்லுங்கோ."

கூகைக்கட்டு

மூன்றாம் நாள் இராஜேஸ்வரி வந்தார். அதே கதிரை, அதே தாழ்ந்த குரல். "அண்ணை, இவருக்குத் தெரியக்கூடாது" என்று தொடங்கினார்.

"ஸ்ட்ரைக் நாளில எனக்குக் கூகைக்கட்டு. ரெண்டு கன்னமும் பூசணிக்காய் மாதிரி. அந்த முகத்தோட ஆர் வெளியில போறது? பத்து நாள் கழிச்சு இவர் நெத்தியில கட்டோட லைப்ரரி வாசலில நிண்டு, 'அண்டைக்கு என்னைக் கண்டனீரோ?' எண்டு கேட்டவர். பாவமாயிருந்தது. ஓம் எண்டிட்டன். பிறகு வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாய்க் கூட்டிச் சொல்லி, இப்ப இவர் விழேக்க நான் கத்தின சத்தம் வரைக்கும் வந்திட்டுது. படத்தைப் பெரிசாக்கினால் பிள்ளையள் 'அம்மா எங்க?' எண்டு தேடுங்கள்."

கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களே, இப்போது என் நிலையை யோசியுங்கள். ஒரு வார்த்தையில் இரண்டு பேரின் பாரத்தையும் இறக்கலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. என் மனைவி இறந்து ஆறு வருடமாகியிருந்தது. எஸ்.எஸ்.சி. பாஸ் என்று அவளிடம் பொய் சொல்லித்தான் நான் கல்யாணம் செய்தேன். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்காமலே காலம் போய்விட்டது. பெட்டியை எடுத்து, பழுதான சுருள்களைப் போடும் மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். இராஜேஸ்வரி வாசல் வரை போய்த் திரும்பினார். "இவர் பெருமையாய் விழுந்தவர், அண்ணை. என்ரை பொய்யால அந்த விழுகைக்கு ஒரு குறையும் வரக்கூடாது."

மார்கரெட்டின் சுறுசுறுப்பு

சிவபாலனின் மகள் தர்ஷினியும் அவள் தம்பியும் வந்தபோது, பெட்டியைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எட்டு வருடத்தில் நான் அந்த வசனத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மார்கரெட் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது மானப் பிரச்சினை. தன் சாவியால் லாச்சியைத் திறந்து, சுருளைச் சோதித்து, பழுதில்லை என்று கண்டு, மெஷினில் மாட்டி, கறுப்பு வெள்ளையை மாற்றும் பொத்தானையும் அழுத்திவிட்டாள். பத்து நிமிடமும் ஆகவில்லை.

படம் வந்தது. கம்பஸ் வாசல். ஓடும் கால்கள். நடுவில் ஒருவர் இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டு விழுந்து கிடக்கிறார். இரண்டு பேர் குனிந்து தூக்குகிறார்கள். சுற்றிவர வட்டம் வட்டமாய் ஏதோ சிதறிக் கிடக்கிறது. "கல்லு!" என்றாள் தர்ஷினி. "கண்ணீர்ப்புகைக் குண்டு!" என்றான் தம்பி. கீழே பெயரெதுவும் போடவில்லை. முகம் புள்ளி புள்ளியாய் இருக்கிறதே, அப்பாதான் என்று எப்படித் தெரியும் என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். தர்ஷினி என்னைப் பரிதாபமாய்ப் பார்த்தாள். "ஓ மை கோட், அங்கிள், நெத்தியைப் பிடிச்ச ஸ்டைலைப் பாருங்கோ. எங்கடை அப்பாவைத் தவிர ஆர் இவ்வளவு ஹான்சமாய் விழுவினம்?"

ஐம்பதாவது பிறந்தநாள்

மண்டபத்தில் கேக்குக்குப் பின்னால் கதவளவு உயரத்தில் அந்தப் படம் நின்றது. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படமெடுத்தார்கள். இராஜேஸ்வரி பெருமையோடு படத்தைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பினால் கூரையைப் பார்த்தார். சிவபாலன் மட்டும் தன் பிறந்தநாளில் செத்த வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். அவர் படத்தைப் பார்ப்பார், மனைவியைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார். எதிரியைக் கடைசியில் நேரில் கண்டுவிட்ட முகம். ஆனால் எதிரி முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தான்.

அப்போது சமையலறைக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு மணியண்ணை வடைத் தட்டோடு வந்தார். படத்தைக் கண்டதும் நின்றார். தட்டு சரிந்தது.

"அட, உது நானெல்லோ!"

மண்டபம் அடங்கியது. மணியண்ணைக்கு அது விளங்கவில்லை. சந்தோசத்தில் அவர் பேசிக்கொண்டே போனார். "நான் அப்ப கம்பஸ் கன்ரீனில வேலை. ஸ்ட்ரைக்காரருக்கு வடை குடுத்துவிட்டவை. வாசலில கால் வழுக்கி, தட்டு நெத்தியில பட்டு, நான் ஒரு பக்கம், வடை ஒரு பக்கம். பிள்ளையள், உது கல்லுமில்லை குண்டுமில்லை. பருப்பு வடை!"

சிவபாலன் மனைவியை நோக்கி இரண்டடி வைத்தார். "இராசேஸ், உண்மையைச் சொல்லும். அப்ப நீர் மனசைக் குடுத்தது மணியண்ணைக்கோ?"

இராஜேஸ்வரி மணியண்ணையைப் பார்த்தார். சமையல் ஏப்ரன், கையில் சரிந்த தட்டு, வேர்வை. அந்த மனிதருக்கு மனதைக் கொடுத்தவராக நிற்பதா, பொய் சொன்னவராக நிற்பதா என்று யோசிக்க அவருக்கு ஒரு விநாடிகூட எடுக்கவில்லை. "எனக்கு அண்டைக்குக் கூகைக்கட்டு! நான் ஒருத்தரையும் பாக்கேல்லை!"

சிவபாலனின் முகத்தில் இருபத்தெட்டு வருடம் ஒரே நேரத்தில் இறங்கியதை நான் கண்டேன். அவர் கதிரையில் பொத்தென்று இருந்து சிரிக்கத் தொடங்கினார். "நான் கட்டிலுக்குக் கீழ இருந்தனான்!" என்று கத்தினார், ஏதோ பட்டம் வாங்கியவர் போல. இராஜேஸ்வரி முதலில் முறைத்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பிறகு அதுவும் பலிக்கவில்லை. தர்ஷினி "வாட்? வாட்?" என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வழியாய்ச் சிரிப்பு அடங்க, இரண்டு பேரும் படத்தின் முன்னால் சேர்ந்து நின்று கேக் வெட்டினார்கள். மணியண்ணை மட்டும் தட்டை நிமிர்த்திப் பிடித்தபடி, இன்னும் யோசனையில் நின்றார்.

"நான் வடையோட போனனான். இவர் கட்டிலுக்குக் கீழ. இவ கூகைக்கட்டோட ரூமுக்குள்ள. அப்ப அந்த ஸ்ட்ரைக்குக்கு ஆர்தான் போனது?"

பழைய பேப்பரைக் காவல் காத்து நான் கண்டது இவ்வளவுதான்: தேடி வருபவர்களில் பாதிப் பேர், அது அகப்படக் கூடாதென்று வேண்டிக்கொண்டேதான் ரயிலேறி வருகிறார்கள்.